கவலையும் குறியும்: சந்திகளில் வழிகாட்டும் மரபு

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு ஓரத்தில், கடல்நீரேரியின் கரையில் அமைந்துள்ள குருநகர், முன்னாளிற் கரையூர் என வழங்கியது. மீன்பிடியே அவ்வூரின் உயிர்நாடி. வள்ளத்திலிருந்து இறங்கும் மீன் துவிச்சக்கர வண்டியிலும் மோட்டார் வண்டியிலும் ஏறி, கடற்கரை வீதியைக் கடந்து, நகரின் சந்தைகளை நோக்கிப் போகின்றது. ஆகவே இவ்வூரவர் நீர்வழி, நிலவழி என்னும் இரண்டிலும் நாடோறும் பயில்பவர்கள். இரண்டு வழியிலும் எழும் வினா ஒன்றே: வழிகள் கூடிப் பிரியும் இடத்தில் எவர் எப்பக்கம் ஒதுங்குவது? தெருச் சந்திகளில் இவ்வினாவுக்கு விடையாக இன்று நிற்பவை தடக்குறிகள். சந்தியை அணுகுமுன்னரே, இந்தத் தடத்தில் வருபவர் இடப்பக்கம் திரும்புக, அந்தத் தடத்தில் வருபவர் நேரே செல்க, மற்றையதில் நிற்பவர் வலப்பக்கம் திரும்புக என்று அம்புருவால் உணர்த்தும் பலகைகளும், தெருவின் மேலேயே தீட்டப்படும் வெண்ணிற அம்புகளும் அவை. அம்பு புதியது; அதன் பின்னால் நிற்கும் கருத்தோ மிகப் பழையது. தமிழர்க்கு அது அந்நியமானதுமன்று.

சங்கச் செய்யுள்களில் ‘கவலை’ என்னும் சொல் கவர்த்த வழியை, அதாவது ஒரு வழி பலவாகப் பிரியும் இடத்தைக் குறிக்க வழங்கியது. மனத்துயரைக் குறிக்கும் கவலையோடு இச்சொல்லுக்கு உள்ள உறவு யாதாயினும், அறியாத ஊரில் வழி பிரியுமிடத்தில் நின்றவர்க்கு இரண்டு பொருளும் ஒன்றாகவே தோன்றியிருக்கும். பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் அதற்கு உண்டு. செங்கண்மாவில் இருந்த நன்னனிடம் செல்லுமாறு கூத்தர் கூட்டமொன்றை ஆற்றுப்படுத்தும் பெருங்கௌசிகனார், பரிசிலின் பெருமையை மட்டும் பேசி அமையவில்லை. வழியின் இடர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லுகின்றார். கவர்த்த வழிகளில் மராமரத்து அடியில், செல்லும் இடத்தின் பெயரையும் பக்கத்தையும் வழிப்போக்கர் அறியும்பொருட்டு எழுதப்பட்ட கல் நிற்கும் என்கின்றார். அதனோடு அவர் நிறுத்தவில்லை. நீங்கள் முன்னர் இந்நிலத்தை அறியாத புதியவர்கள். ஆதலால் வழிகள் கூடும் சந்தினைத் துடைத்து, நீங்கள் சென்ற வழி புலனாகும்படி புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்று அறிவுரை கூறுகின்றார்.

இங்கே குறிகள் இரு வகைப்படுவதை நோக்குதல் வேண்டும். கல்லில் உள்ளது எழுத்து. எழுத்தறிந்தவர்க்கு மட்டுமே அது பயன்படும். புல்முடிச்சோ எழுத்தன்று, பின்னால் வருபவர் எவராயினும் அதனைக் கண்டுகொள்வர். முன்னது ஊரவர் புதியவர்க்கு வைத்தது; பின்னது புதியவர் தம்மையொத்த புதியவர்க்கு வைப்பது. வழிக்குறி என்பது வழியை அறியாதவர்க்கே உரியது என்னும் உண்மையை ஆற்றுப்படைப் புலவர் எவ்விதக் கோட்பாட்டு விளக்கமுமின்றி உணர்ந்திருந்தார்.

இதே உணர்வு பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர்க் கல்லிலும் பதிந்தது. தமிழ்நாட்டுத் தருமபுரி வட்டாரத்திற் கிடைத்த, அதியமான் பெருவழியைச் சேர்ந்த தொலைவுக்கற்கள் நாவற்றாவளம் என்னும் இடத்துக்கு உள்ள தூரத்தைக் காதக் கணக்கிற் காட்டுவன. ஒன்றில் அத்தொலைவு 29 காதம். தொலைவு எழுத்தாலும் எண்ணாலும் பொறிக்கப்பட்டதோடு, எழுத்தறியாதார் பொருட்டுக் குழிகளாலும் காட்டப்பட்டுள்ளது. பெரிய குழி பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒன்றைக் குறிக்கும். பெரிய குழி இரண்டும் சிறிய குழி ஒன்பதும் எனின் 29. இருளில் வரும் பொதிமாட்டு வணிகன் கையால் தடவியும் அறிந்துகொள்ளலாம். மன்னர் பெயரைப் பறைசாற்றும் கல்வெட்டுக்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. வாசிக்கத் தெரியாதவனை மனத்திற்கொண்டு வெட்டப்பட்ட கற்கள் மிகச் சிலவே. அவ்வகையில் இக்கற்களுக்குத் தனிச்சிறப்பு உண்டு.

எவ்வழி செல்வது என்பதைப் பழைய குறிகள் காட்டின. ஒரே வழியின் எப்பகுதியில் செல்வது என்னும் வினா பிற்காலத்தது. அது முதன்முதலிற் பெரிதாக எழுந்தது தெருவிலன்று, கடலிலேயே என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1854 செப்ரெம்பர் 27ஆம் நாள், நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் மூடுபனியில், ஆர்க்டிக் என்னும் அமெரிக்க நீராவிக்கப்பல் வெஸ்டா என்னும் பிரெஞ்சுக் கப்பலோடு மோதி மூழ்கியது. முந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். கடல் அகன்றது, ஆயினும் குறுகிய நேரத்திற் சென்றடைய விரும்பிய கப்பல்கள் யாவும் ஒரே கோட்டில் எதிரெதிரே விரைந்தன. அடுத்த ஆண்டில் அமெரிக்கக் கடற்படை அதிகாரியாகிய மத்தியு மோரி, அத்திலாந்திக் கடலில் மேற்கே செல்லும் கப்பல்களுக்கு ஒரு தடமும் கிழக்கே செல்வனவற்றுக்கு வேறொரு தடமும் வகுக்கலாம் என எழுதினார். 1898இல் கப்பற் கொம்பனிகள் இத்தகைய தடங்களைத் தமக்குள் உடன்பாடாக ஏற்றன. டோவர் நீரிணையில் 1967இல் விருப்பின்பாற்பட்ட ஒழுங்காகத் தொடங்கிய தடப்பிரிப்பு, 1972ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளிற் பத்தாம் விதியாக இடம்பெற்றது. 1977 யூலை 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நீரின்மேற் கோடு கிழிக்க இயலாது. ஆதலால் மிதவைகளும் விளக்குகளும் வரைபடமுமே அங்கே குறிகள். துறைமுகத்துள் நுழைவோர்க்குச் சிவப்பு மிதவை எப்பக்கம், பச்சை மிதவை எப்பக்கம் என்பதை அறிய எந்த மொழியும் வேண்டுவதில்லை. கரையிலுள்ள இரண்டு உயர்ந்த பொருள்களை, ஒரு கோபுரத்தையும் ஒரு பனையையும் என்று வைத்துக்கொள்ளலாம், ஒரு நேர்கோட்டிற் கொண்டுவந்து தம் வழியை உறுதிப்படுத்தும் மீனவனும் இதே மொழியற்ற மொழியைத்தான் பேசுகின்றான்.

தெருவில் இக்கருத்து மோட்டார் வண்டியோடு வந்தது. மாட்டுவண்டிக் காலத்தில் எதிர்வரும் வண்டிக்காரனைக் கண்டு, ஒரு குரல் கொடுத்து, ஒதுங்கிக்கொள்ள நேரமிருந்தது. விரைவு அந்த நேரத்தைப் பறித்தது. மணிக்கு 50 கிலோமீற்றர் விரைவிற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் கடந்துவிடும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1911இல், எட்வர்ட் ஹைன்ஸ் என்பவரின் முயற்சியால் தெருவின் நடுவே வெண்கோடு தீட்டப்பட்டது. பால்வண்டி ஒன்றிலிருந்து ஒழுகிய பால் தெருவில் விட்டுச்சென்ற கோடே அவருக்கு அவ்வெண்ணத்தைத் தந்தது என்பர். கதை மெய்யோ பொய்யோ, கோடு நிலைத்துவிட்டது. நடுக்கோடு தெருவை இரண்டாக்கியது. பின்னர் வந்த கோடுகள் ஒவ்வொரு பாதியையும் மேலும் பகுத்தன.

சந்தியிற் கோடு மட்டும் போதாது என்பதற்குக் காரணம் உண்டு. இருதிசைப் போக்குவரத்துள்ள நான்கு தெருக்கள் கூடும் எளிய சந்தி ஒன்றில் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டக்கூடிய புள்ளிகள் 32 எனப் போக்குவரத்துப் பொறியியலார் கணக்கிடுவர். அவற்றுள் 16 ஒன்றையொன்று வெட்டும் இடங்கள். 8 பிரியும் இடங்கள். 8 கலக்கும் இடங்கள். மூன்று தெருக்கள் கூடுமிடத்தில் இத்தொகை 9 ஆகக் குறைந்துவிடுகின்றது. தடக்குறி இப்புள்ளிகளை முற்றாக ஒழிப்பதில்லை. பிரியும் செயலைச் சந்தியின் உள்ளிருந்து எடுத்து, அதற்கு முன்னால் உள்ள நேர்த்தெருவுக்குக் கொண்டுபோகின்றது. இதுவே அதன் நுட்பம். இடப்பக்கம் செலுத்தும் நம் நாட்டில் இடப்பக்கம் திரும்புபவர் எவரையும் வெட்டாமற் போய்விடலாம். வலப்பக்கம் திரும்புபவரோ எதிரே வரும் வரிசையை வெட்டிக்கொண்டு செல்லவேண்டும். ஆதலால் அவர் காத்துநிற்க இடம் வேண்டும். அவர் பின்னால் நேரே செல்ல வந்தவர் அடைபட்டு நிற்றல் ஆகாது. அவருக்கு வலப்புறத் தடத்தை ஒதுக்குவது இதனாலேயே. சந்திக்கு அண்மையில் முறிகோடு முழுக்கோடாக மாறுவதும் இக்கருத்துப் பற்றியதே: தடத்தைத் தெரிந்துகொள்ளும் காலம் கடந்துவிட்டது, இனி மாறற்க என்பது அதன் பொருள். தெருவில் தீட்டப்படும் அம்பு இயல்புக்கு மாறாக நீண்டு கிடப்பதைக் காணும் பாதசாரி அதனைப் பிழை என எண்ணக்கூடும். ஓட்டுநர் அதனைத் தாழ்ந்த கோணத்திலிருந்து நோக்குகின்றார்; அவர் கண்ணுக்கு அது சுருங்கி அளவான அம்பாகவே தோன்றும். புகைவண்டியில் எத்தண்டவாளத்திற் போவது என்பதை ஓட்டுநர் தெரிந்துகொள்வதில்லை. வேறொருவர் தண்டவாளத்தைத் திருப்பிவிடுகின்றார். தெருவிலோ தெரிவு ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. குறி கூறலாம், கைபிடித்து இழுக்க இயலாது. அதனாலேயே அது விளங்கும்படி இருத்தல் இன்றியமையாதது.

விளங்கும்படி கூறுவது எழுத்தாலா, உருவாலா என்பதில் உலகம் நெடுங்காலம் இரண்டுபட்டு நின்றது. ஐரோப்பாக் கண்டத்தில் அரைநாட் பயணத்தில் ஒரு மொழியெல்லையைக் கடந்துவிடலாம். ஆகவே 1909இல் பாரிஸ் மாநகரிற் செய்யப்பட்ட உடன்படிக்கை நான்கு இடர்களுக்கு எழுத்தில்லாக் குறிகளை வகுத்தது. அவற்றுள் ஒன்று சந்தி. 1931இல் ஜெனீவாவில் இம்முறை விரிவாக்கப்பட்டது. 1968 நவம்பர் 8ஆம் நாள் வியன்னாவில் நிறைவேறிய உடன்படிக்கை வீதிக்குறிகளையும் தரைக்கோடுகளையும் ஒருசேர ஒழுங்குபடுத்தியது. அமெரிக்கா நெடுங்காலம் எழுத்தையே நம்பியது. ஒரு மொழி நாடெங்கும் செல்லும் இடத்தில் அதனால் இடரில்லை. பிரித்தானியா தன் தீவுக்குணத்துக்கு ஏற்ப இரண்டையும் கலந்து, ஆங்கிலச் சொற்களைத் தாங்கிய பலகைகளை வைத்திருந்தது. வோர்பாய்ஸ் குழுவின் 1963ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின்னரே, 1965 சனவரி முதல், ஜொக் கின்னியரும் மார்கரெட் கால்வெர்ட்டும் வரைந்த உருவக்குறிகள் அங்கே இடம்பிடித்தன. வெளிநாட்டவர் வந்துபோகும் நாடுகள் எழுத்தைக் கைவிட்டமையும், ஊரவரையே எண்ணிய நாடுகள் எழுத்தைப் பற்றிநின்றமையும் தற்செயலானவையல்ல. பெருங்கௌசிகனார் பேசிய ‘புதியவர்’ இங்கேயும் நடுநாயகமாக நிற்கின்றார்.

இவ்வாறு நோக்குமிடத்து, இலங்கையின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. எல்லையைக் கடக்காமலே மொழியெல்லையைக் கடக்கவேண்டிய நாடு இது. காலியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் பார ஊர்தியின் ஓட்டுநரும், குருநகரிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும் ஓட்டுநரும் ஒருவர் ஊரில் மற்றவர் புதியவர். மொழியில்லாக் குறி எந்நாட்டுக்கு வேண்டுமாயினும் ஒரு வசதி. இந்நாட்டுக்கு அது தேவை. ஆயினும் இங்கே தெருவில் ஓடும் வண்டியின் குறியே மொழிப்பூசலின் களமாயிற்று என்பது வரலாற்றின் முரண். பிரித்தானியர் காலத்துப் பதிவெண்கள் ‘சிலோன்’ என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துக்களிலிருந்து இவ்விரண்டாக எடுக்கப்பட்டவை. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பின்னர், 1957 தொடக்கத்திலிருந்து சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து பதிவெண் தகட்டில் ஏறியது. 1958 சனவரி முதலாம் நாள் இலங்கைப் போக்குவரத்துச் சபை அமைந்தது; அவ்வெழுத்தைத் தாங்கிய பஸ்கள் வடக்கே அனுப்பப்பட்டன. தகடுகளில் தார் பூசும் ‘ஸ்ரீ’ எதிர்ப்பு இயக்கம் மூண்டது. தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. 1957 யூலையிற் செய்யப்பட்ட பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தம் 1958 ஏப்ரிலில் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் வன்செயல்கள் தொடங்கின.

பதிவெண் தகடு வழியைக் காட்டுவதன்று என்று கூறி இதனை ஒதுக்கிவிட முடியாது. தெருவில் ஒருவர் காணும் குறிகள் யாவும் அவருக்கு ஒன்றைச் சொல்லுகின்றன. அதியமான் பெருவழிக் கல்லில் இருந்த குழிகள், எழுத்தறியாத நீயும் இவ்வழிக்கு உரியவன் என்றன. 1957இன் தகடோ செல்லும் திசையைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் புதிதாக எதனையும் தெரிவிக்கவில்லை. தெரு எவருடையது என்பதை மட்டுமே தெரிவித்தது. குறி என்னும் சொல்லுக்கு இலக்கு என்றும் பொருளுண்டு. அவ்வெழுத்து இரண்டாம் பொருளிலும் குறியாயிற்று. பின்னர் வந்த பதிவெண் முறைகளில் அது கைவிடப்பட்டது. 2000ஆம் ஆண்டையடுத்து ஆங்கில எழுத்துக்கள் மீண்டும் வந்தன. 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஊர்ப்பெயர் தாங்கிய பலகைகள் இப்பொழுது மும்மொழியிலும் அமைகின்றன. அவற்றில் தமிழ் எழுத்து சிதைந்து காணப்படும் இடங்களும் பல. செக்கனுக்கு 14 மீற்றர் கடப்பவர்க்கு மூன்று வரிகளைப் படிக்க அவகாசம் சிறிது. அதில் ஒன்று பிழையாகவும் இருப்பின் கேட்கவேண்டியதில்லை. அம்புருவில் எழுத்துப் பிழை நேர்வதில்லை என்பது தமிழாசிரியர்க்கு ஓர் ஆறுதல்.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத் தெருக்களின் குறிகள் யாவும் பொருளிழந்தன. 1990இன் பின்னர் எரிபொருள் தடையால் மோட்டார் வண்டிகள் அருகின. பழைய மொரிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. துவிச்சக்கர வண்டியே தெருவை ஆண்டது. கடலில் நிலைமை இன்னும் கொடியது. தடைசெய்யப்பட்ட பரப்பு எனவும், அனுமதிக்கப்பட்ட நேரம் எனவும் அறிவிப்புக்கள் வந்தன. நீரின்மேல் அவற்றைக் காட்டும் மிதவை ஒன்றுமில்லை. 1986 யூன் 10ஆம் நாள் மண்டைதீவுக் கடலிற் குருநகர் மீனவர் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்தின் இலட்சக்கணக்கான மக்கள் செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தின் வழியாகவும் தென்மராட்சிக்கு வெளியேறினர். அன்று தெருவின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே திசையில் நகர்ந்தன. நகர்ந்தன என்பதிலும் நின்றன என்பதே பொருந்தும். எதிரே வருவார் எவருமில்லாத தெருவில் தடம் என்பதற்குப் பொருளேயில்லை.

2009இன் பின்னர்க் கண்டி வீதி திறந்து, அகன்று, புதிய கோடுகளையும் அம்புகளையும் பெற்றது. நகருள் நிலைமை வேறு. தடக்குறிக்குத் தெருவில் இடம் வேண்டும். யாழ்ப்பாணத்து உள்வீதிகள் பல, இரண்டு வண்டிகள் ஒதுங்கிச் செல்வதற்கே போதுமானவை. இங்கே மொழி பற்றிய ஒரு சிறு செய்தியும் குறிப்பிடத்தக்கது. ஆங்கிலத்தில் ஒடுங்கிய தெருவுக்கும், அகன்ற தெருவின் ஒரு தடத்துக்கும் பெயர் ஒன்றே. இலங்கைத் தமிழில் அப்பெயரின் மொழிபெயர்ப்பாக ‘ஒழுங்கை’ என்பது தடத்துக்கும் ஆளப்படுவதுண்டு. 2020 செப்ரெம்பரிற் கொழும்பில் தட ஒழுங்கு கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டபோது அச்சொல் செய்தித்தாள்களில் அடிபட்டது. ஆனால் யாழ்ப்பாணத்தவர்க்கு ஒழுங்கை என்பது இருபுறமும் கிடுகு அல்லது பனையோலை வேலி நிற்கும் ஒடுங்கிய வழி. வேலியைத் தாண்டி அடுத்த ஒழுங்கைக்குப் போவார் எவருமில்லை. தீட்டிய வெண்கோட்டை வேலியாக மதிக்கச் சொல்வதற்கு இதனினும் பொருத்தமான சொல் அமையாது. கோடு மழையில் அழிந்துவிடுவதுதான் குறை.

வேறொரு குறையும் உண்டு. அது கோட்டில் இல்லை, முறையிலேயே உள்ளது. தடக்குறிகளின் அளவும் தூரமும் மோட்டார் வண்டியின் விரைவைக்கொண்டு வகுக்கப்பட்டவை. குருநகரிலிருந்து மீன்பெட்டியைப் பின்னாற் கட்டிக்கொண்டு துவிச்சக்கர வண்டியில் வரும் வியாபாரி இடப்புற ஓரத்திலேயே மிதிக்கவேண்டியவர். அவர் வலப்பக்கம் திரும்பவேண்டுமாயின், விதிப்படி இரண்டு தடங்களைக் குறுக்கே கடந்து வலப்புற அம்பின்மேல், பஸ்ஸுக்கும் பார ஊர்திக்கும் நடுவில் நிற்கவேண்டும். டென்மார்க்கில் துவிச்சக்கர வண்டியினர் முதலில் நேரே கடந்து, எதிர்மூலையில் நின்று, பின்னர்த் திரும்பும் இருகட்ட முறை சட்டமாகவே உள்ளது. யாழ்ப்பாணத்து மீன் வியாபாரி அச்சட்டத்தை அறியார். சந்திக்குச் சற்று முன்னர் வண்டியை விட்டு இறங்கி, இருபுறமும் பார்த்து, மீன்பெட்டியோடு வண்டியை உருட்டிக்கொண்டு தெருவைக் கடக்கின்றார்; அப்பால் ஏறி மிதிக்கின்றார்.